துளையில்லாப் பொத்தான்கள்

மயக்கத்திலிருந்து மெல்ல ஏறி வருகிறவர்களுக்கு அவர் யாராக வேண்டுமானாலும் இருந்தார். ஒருவருக்கு வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய மகன். இன்னொருவருக்கு நிறுத்தம் வந்தும் விசில் ஊதாத கண்டக்டர். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரிடம் "கையை நீட்டுங்க சார்" என்று இவர் சொன்னதற்கு, "தப்பு பண்ணது நீ, நீ நீட்டு" என்று பதில் வந்தது. அவர் யாரையும் திருத்தியதில்லை. "ம்" என்பார், ரப்பர் பட்டையைக் கட்டுவார், நரம்பைத் தேடுவார். பொய்யும் சொல்வதில்லை, வாக்கும் கொடுப்பதில்லை. அந்த "ம்" ஒன்றிலேயே பதினொரு வருஷத்தை ஓட்டியிருந்தார்.

இதய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் ஓர் ஆராய்ச்சிக்காக ரத்தம் எடுப்பது இப்போதைக்கு அவர் வேலை. இதயத்தில் கை வைத்தால் சில பேருக்குச் சிறுநீரகம் அடிவாங்கும். எங்கேயோ இடி இடித்து எங்கேயோ மழை பெய்கிற கதைதான். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அது தெரிய இரண்டு நாள் பிடிக்கும். அதற்குள் வெள்ளம் தலைக்கு மேல் போயிருக்கும். ஆனால் அடிபட்ட சிறுநீரகம் முதல் சில மணி நேரத்திலேயே ஒரு புரதத்தை ரத்தத்தில் கசியவிடுகிறது. அதை அளந்து, வரப்போவதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. சிகிச்சைக்கு முன்னால் ஒரு தடவை, முடிந்த இரண்டாம் மணியில், ஆறாம் மணியில், மறுநாள், அதற்கு மறுநாள், கடைசியாக முப்பதாம் நாள் என்று கடிகாரம் பிசகாமல் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அரை மணிக்குள் கீழ்த்தளத்து லேபில் சேர்க்க வேண்டும். "நாளைக்கு நடக்கப்போறதை இன்னிக்கே சொல்றதுக்குப் பேரு ஜோசியம்" என்று வார்டு சிஸ்டர் ஒரு நாள் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து மூன்றாவது மாடி முழுக்க அவருக்கு ஜோசியர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

வீட்டில் மனைவி தட்டை வைத்துவிட்டு, இன்றைக்கு நீங்கள் யார் யாராக இருந்தீர்கள் என்று கேட்பாள். இரண்டு பேருக்கு மகன், ஒருவருக்கு மாப்பிள்ளை என்று இவர் சொல்வார். மாப்பிள்ளை என்றால் மரியாதை பலமாக இருந்திருக்குமே என்பாள் அவள். சிரிப்பார். ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு, தன் சொந்த முகம் எது என்று ஒரு நொடி தேடுகிற மாதிரி இருக்கும். கண்ணாடிக்கு முன்னால் நின்று சட்டையைக் கழற்றும்போது, உள்ளே இருக்கிற ஆள் இன்னும் வந்து சேரவில்லையோ என்று தோன்றும்.

ஐம்பத்தெட்டாம் எண் நோயாளியாக வந்தவர் ஒரு தையல்காரம்மா. எழுபது வயது. பள்ளிக்கூடச் சீருடை தைத்தே ஒரு மகளை ஆளாக்கியவர். கால் மிதி இயந்திரம். ஐம்பது வருஷம் மிதித்ததில் முழங்கால் இரண்டும் தேய்ந்திருந்தன. இதய வால்வு ஒன்று கல்லாக இறுகிப்போயிருந்தது. நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியாகக் குழாய் விட்டுப் புது வால்வைப் பொருத்துவதாக ஏற்பாடு. கையெழுத்து வாங்க வந்த ஆராய்ச்சி டாக்டர், இளம்பெண், பொறுமைசாலி, வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று மூன்று விதமாகக் கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றார் தையலம்மா. மகளும் தலையாட்டினாள். அம்மா தலைவலித் தைலம்கூடத் தொடமாட்டார் என்றாள் பெருமையாக.

காலையில் முதல் ரத்தம் எடுக்கப் போனபோது அந்த அம்மாள் இவருடைய மேல்சட்டையைத்தான் பார்த்தார். மூன்றாவது பொத்தான் வேறு நிறமாக இருக்கிறதே என்றார். சட்டையோடு வந்தது எங்கேயோ விழுந்துவிட்டது என்று இவர் சொன்னதும், மேசையிலிருந்த தகர டப்பாவைத் தட்டிக் காட்டி, திரும்பி வந்ததும் பொருத்தமாக ஒன்று எடுத்துத் தருகிறேன் என்றார். பொத்தான் டப்பா அது. துணைக்கு ஆள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, டப்பா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம் என்றாள் மகள்.

வால்வு பொருத்துகிற வேலை பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. தட்டுத் தடங்கல் இல்லை. ரத்த அழுத்தம் இறங்கவில்லை; படம் பார்க்க ஏற்றும் சாய மருந்தும் கொஞ்சம்தான் செலவானது. பன்னிரண்டு மணிக்கு எடுத்த ரத்தத்தில் அந்தப் புரதம் சற்றே கூடியிருந்தது. எல்லோருக்கும் கொஞ்சம் கூடத்தான் செய்யும் என்றார்கள்.

நாலு மணிக்கு ஜோசியர் மறுபடி போனார். அந்த நேரத்து வார்டு வேறு ஒரு உலகம். பால் நிறக் கண்ணாடி வழியாக வெயில் வடிகட்டி வரும். திரைச்சீலைகள் மூச்சு விடுவதைப் போல உப்பித் தணியும். ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் ஒரு சின்ன ஒலி சொட்டும். எதுவும் எதோடும் சேராது, ஆனால் கொஞ்ச நேரம் நின்றால் எல்லாம் சேர்ந்து ஏதோ ஒரு தாளத்தில் நடப்பது போலிருக்கும். அவர் செருப்புச் சத்தம் கேட்காமல் நடக்கப் பழகியிருந்தார்.

ரப்பர் பட்டையைக் கட்டும்போது தையலம்மா கண்ணைப் பாதி திறந்தார்.

"தம்பி, எங்கடா போயிருந்தே இவ்வளவு நேரம்?"

தம்பி என்று அழைக்காத நோயாளி கிடையாது. ஆனால் அந்த "டா" வேறு. ஜோசியர் தன் வீட்டுக்கு மூத்த பிள்ளை. அப்பா போனபிறகு, இருபது வருஷமாக அவரை யாரும் "டா" போட்டுக் கூப்பிட்டதில்லை. தம்பிமார்களுக்கு அண்ணன், மனைவிக்கு ஏங்க, பிள்ளைகளுக்கு அப்பா. உடம்பிலே எங்கேயோ ஒரு முடிச்சு அவிழ்ந்த மாதிரி இருந்தது. வழக்கமான "ம்" வரவில்லை.

"வேலைதான்க்கா" என்றார்.

கூடத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்றார் அந்த அம்மாள். கணுக்கால் அளவுதான், பயப்படாதே. அப்பாவின் குடையைக் கவிழ்த்துப் போட்டு அதிலே உட்கார்ந்துகொள், நான் தள்ளிவிடுகிறேன், சுவரைப் பிடித்துக்கொண்டே போனால் மாடிப்படி வந்துவிடும். அப்பா தூங்குகிறார், எழுப்பிவிடாதே. ஜோசியர் குழாயில் சிவப்பு ஏறுவதைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். குழாய் நிரம்பியும் ஒரு கணம் அங்கேயே நின்றார். தண்ணீர் மேலே ஏறுகிறதா என்று தரையைப் பார்த்தாராம். பிறகு மனைவியிடம் சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது.

நாலரை மணிக்கு லேபிலிருந்து ஆள் ஓடிவந்தார். அளவு, கோடு போட்டு வைத்திருந்த எல்லையைத் தாண்டி இரண்டு மடங்கு போயிருந்தது. எல்லையைத் தாண்டினால் வார்டு டாக்டர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அந்த ஆராய்ச்சியின் விதி. இதய டாக்டர் வந்து தலையைச் சொறிந்தார். சாயம் கொஞ்சம்தான், அழுத்தம் இறங்கவில்லை, முந்தின நாள் பரிசோதனை நன்றாக இருந்தது, பிறகு எதற்கு? சிறுநீர் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. வழக்கமான பரிசோதனையும் ஒரு தப்பும் சொல்லவில்லை. ஒருவேளை உங்கள் ஜோசியம் பொய்த்திருக்கும் என்று சொல்லிவிட்டு, இருந்தாலும் மணிக்கு மணி சிறுநீரை அளக்கச் சொன்னார். சொட்டு மருந்து நீரை, இதயத்துக்கும் பாரமாகிவிடாதபடி, நிதானமாக ஏற்றச் சொன்னார். ஆராய்ச்சி டாக்டர் மகளிடம் மறுபடி கேட்டார்: வலி மாத்திரை? கிடையவே கிடையாது. ஆறு மணிக்கு இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று.

ஆறு மணிக்கு மகள் முகம் கழுவப் போயிருந்தாள். தையலம்மா கண்ணை மூடியபடியே இவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"வந்துட்டியா. அந்த டப்பாவை எடு. வெள்ளை பட்டன் ரெண்டு எடுத்துக் குடு, அவ வர்றதுக்குள்ள."

தைக்கத்தான் கேட்கிறார், கனவில் என்ன துணியோ என்று நினைத்துக்கொண்டு ஜோசியர் டப்பாவைத் திறந்தார். நீலம், பழுப்பு, சிப்பி நிறம், பித்தளை. உள்ளே விரலை விட்டு அளைந்தால் கூழாங்கல் ஓடைக்குள் கை விட்டது போலக் குளிர்ச்சி. வெள்ளையாக ஒன்று எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். பொத்தான் என்றால் இரண்டு துளையாவது இருக்கும். இதில் ஒன்றுகூட இல்லை. நடுவே ஒரு கோடு மட்டும் இருந்தது. இன்னொன்று எடுத்தார். அதிலும் கோடுதான்.

"ஓட்டை இல்லாததுதான்டா. மதியம் நானே ரெண்டு எடுத்துக்கிட்டேன், இப்ப கை எட்டல. முட்டி குடையுது."

ஜோசியர் கையில் இருந்தது மாத்திரை. எத்தனை நாளாக என்று கேட்டார். தன் குரல் தனக்கே சின்னப் பையன் குரலாகக் கேட்டது. மிஷின் மிதிக்க வேண்டாமா, எட்டு ஒன்பது வருஷமாகத்தான் என்றார் அந்த அம்மாள், கால் வலி என்று தெரிந்தால் அவள் மிஷினைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவாள் என்றார். பிறகு கண்ணைத் திறந்து நேராகப் பார்த்தார். பார்வை இவரைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது.

"நீ சொல்லமாட்டேல்ல?"

"சொல்லமாட்டேன்க்கா" என்றார் ஜோசியர்.

வாய் தவறி வந்த வார்த்தை. ஆனால் வந்துவிட்டது. தையலம்மாவின் முகம் இஸ்திரி போட்ட துணி மாதிரி மடிப்பு நீங்கிப் படுத்தது. அப்புறம் தருகிறேன் என்று சொல்லி, ஜோசியர் மாத்திரைகளை உள்ளே போட்டு டப்பாவை மூடிக் கைக்கு எட்டாத ஜன்னல் விளிம்பில் வைத்தார். ரத்தத்தை எடுத்தார். பெயருக்குப் பதில் எண்ணையும் நேரத்தையும் குழாயில் எழுதினார். வெளியே வந்தார்.

அந்த நடைகூடம் நாற்பது தப்படி இருக்கும். அன்றைக்கு அது முடிகிற வழியாகத் தெரியவில்லை. ஐஸ் பெட்டி ஒரு கையில், ஒரு வாக்கு இன்னொரு கையில் என்று நடந்தார். தம்பி சொல்லமாட்டான், நிச்சயம். ஆனால் இந்தக் கையில் இருக்கிற ரத்தம் சொல்லிக்கொண்டே இருக்கிறதே. டாக்டர்கள் அங்கே தலையைச் சொறிந்துகொண்டு இருக்கிறார்கள். நாளைக்கு அந்த அம்மாள் எழுந்து தானே டப்பாவை எட்டி எடுத்துவிடுவார். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்கிற கதையாகிவிடும். சிஸ்டரின் மேசை வந்தது. கடந்து போனார். நாலு தப்படி போய்த் திரும்பி வந்தார்.

சிஸ்டர் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். எழுந்து போய் டப்பாவை ஸ்டீல் தட்டில் கவிழ்த்தார். மழைக்கு முன் தகரத்தில் விழும் சொட்டுகள் போலப் பொத்தான்கள் சிதறின. அவற்றுக்கு நடுவில் பத்தொன்பது மாத்திரைகள். முகம் கழுவி வந்த மகள் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். இத்தனை வருஷமும் அந்த டப்பாவிலிருந்துதான் தன் சட்டைக்கெல்லாம் பொத்தான் எடுத்துக்கொண்டேன் என்று சொன்னாள்.

சிறுநீரகத்துக்கு ரத்தம் போகிற வழியை நெரிக்கிற ரக மாத்திரை அது என்று ஆராய்ச்சி டாக்டர் விளக்கினார். வருஷக்கணக்காக நெரித்திருக்கிறது, அதன்மேல் சாய மருந்தும் வந்து சேர்ந்தது, அதற்கு மேலும் மதியம் இரண்டு. மாத்திரையை நிறுத்தினார்கள். முட்டிக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். சிறுநீரகத்தை உறுத்தக்கூடிய இன்னும் இரண்டு மருந்துகளையும் அட்டையிலிருந்து அடித்தார்கள். மறுநாள் எடுப்பதாக இருந்த இன்னொரு சாயப் படத்தையும் தள்ளிப்போட்டார்கள்.

மறுநாள் காலை தையலம்மா முழுத் தெளிவோடு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டப்பா இருந்த இடம் காலி. மகள் ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இருவரும் பேசி முடித்திருந்தார்களா, பேசவே ஆரம்பிக்கவில்லையா என்று தெரியவில்லை.

"தம்பி, நீங்கதான் சொன்னீங்களா?"

இப்போது "நீங்க". அவர் ஆமாம் என்றார்.

"உங்ககிட்ட நான் எப்ப சொன்னேன்?"

"தூக்கத்துலம்மா."

"தூக்கத்துல சொன்னதை முழிச்சிருக்கிறவங்ககிட்ட போய்ச் சொல்லலாமா?"

ஜோசியர் ரப்பர் பட்டையை எடுத்தார். கையை நீட்டுங்கள் என்றார். அந்த அம்மாள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, வேறு ஆளை அனுப்பச் சொன்னார். அன்றைய ரத்தத்தைச் சிஸ்டர்தான் எடுத்துத் தந்தார். பதினொரு வருஷத்தில் அவர் ஊசியை ஒருவரும் வேண்டாம் என்றதில்லை. லேபில் குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்துக்கு முன்னால் நின்று, அது சுற்றி ஓய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு அடியில் தங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்தது.

இரண்டாம் நாள், சொல்லிவைத்தது போல, வழக்கமான பரிசோதனையும் ஏற ஆரம்பித்தது. சிறுநீர் குறைந்தது. கணுக்கால் வீங்கியது. இன்னும் ஏறினால் ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் போட வேண்டியிருக்கும் என்று மகளிடம் சொன்னார்கள். இதய டாக்டர் ஆராய்ச்சி டாக்டரைப் பார்த்து, உங்கள் ஜோசியம் பலித்துவிட்டது என்றார். அதில் கேலி இல்லை. ஜோசியருக்கு அன்று சோறு இறங்கவில்லை. நீங்கள் சொல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும் என்று மனைவி தேற்றினாள். சொன்னதால் மோசமாகவில்லை என்பது தெரியும், ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டேனே என்றார். யாருக்குக் கொடுத்தீர்கள் என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. அன்றிரவு கனவில் கூடம் முழுக்கத் தண்ணீர். குடை மட்டும் ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் அளவு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மகள் நாள் முழுக்க அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிறுநீர் அளக்கிற ஜாடியைச் சிஸ்டர் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். நாலாம் நாள் காலையில் ஜாடியில் இருந்ததைப் பார்த்துவிட்டுச் சிஸ்டர், தங்கம் கிடைத்தாற்போல, "ஜோசியரே, இங்க வாங்க" என்று கூப்பிட்டுக் காட்டினார். பரிசோதனையும் இறங்கியிருந்தது. மெஷின் தேவைப்படவில்லை.

அந்த மாத்திரையைக் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜோசியர் ஆராய்ச்சி டாக்டரிடம் கேட்டார். அவர் நல்லபடியாக ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

"தெரியாதுங்க. நடந்ததை அளந்துடலாம். நடக்காததை எப்படி அளக்கிறது?"

ஆறாம் நாள் தையலம்மா வீட்டுக்குப் போனார். போகிற அன்று ஜோசியருக்கு வார இறுதி விடுப்பு.

முப்பதாம் நாள் கடைசி ரத்தம். புறநோயாளிப் பிரிவின் நீள பெஞ்சில் அந்த அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் தானாகவே புடவைத் தலைப்பை ஒதுக்கி முழங்கையை நீட்டினார். கால் எப்படி இருக்கிறது என்று இவர் கேட்டார். மகள் மிஷினுக்கு ஒரு மோட்டார் வாங்கி மாட்டிவிட்டாள், மிதிக்கிற வேலையே இல்லை, ஆனால் அது பாட்டுக்கு ஓடுகிறது, தையல் கோணுகிறது என்றார். புகாராகத்தான் சொன்னார், முகத்தில் புகார் இல்லை.

ரத்தம் எடுத்து முடித்துப் பஞ்சை அழுத்திப் பிடித்தபோது, அவரால் அதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியவில்லை. அன்றைக்கு உங்கள் தம்பி என்று நினைத்துத்தான், கூடத்தில் தண்ணீர், அப்பா தூங்குகிறார் என்றெல்லாம் பேசி, மாத்திரையைப் பற்றியும் என்னிடம் சொன்னீர்கள், நானும் தம்பியாகவே பதில் சொல்லிவிட்டேன், சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் போய்ச் சொன்னேன், மன்னிக்க வேண்டும் என்றார்.

தையலம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்குத் தம்பியே கிடையாதே."

அண்ணனும் கிடையாது, அக்காவும் கிடையாது. ஒரே பிள்ளை. அப்பா முகம்கூட நினைவில்லை. வளர்ந்தது அத்தை வீட்டில், இரண்டாவது மாடி, தண்ணீர் எங்கே வரும்? அந்த அம்மாள் பொய் சொல்கிற மாதிரி இல்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்படியென்றால் யாரிடம் பேசினேன், எப்படி இருந்தான் அந்தத் தம்பி என்று கேட்டார். கேட்ட விதத்தில், தொலைந்த ஒருவரைப் பற்றி விசாரிப்பது போல ஓர் அவசரம் இருந்தது.

ஜோசியர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். நோயாளியின் பக்கத்தில் உட்காருவது அவர் வழக்கமில்லை.

"கொஞ்சம் பயந்தவன்" என்றார். "தண்ணின்னா பயம். ஆனா நீங்க தள்ளிவிட்டா போவான்."

"நான் தள்ளிவிட்டேனா?"

"ஆமா. சுவரைப் பிடிச்சுக்கச் சொன்னீங்க."

தையலம்மா பஞ்சைத் தானே வாங்கி அழுத்திக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே வரிசை எண் எரிகிற பலகையைத் தவிர வேறொன்றும் இல்லை. இருந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். அவன் என்னைவிட எத்தனை வயது சின்னவன் என்று நினைக்கிறீர்கள் என்றும் கேட்டார். நாலு வயது இருக்கலாம் என்றார் ஜோசியர், யோசிக்காமல். அந்த அம்மாள் அதை ஏற்றுக்கொண்டு தலையாட்டினார்.

பலகையில் எண் மாறியது. மகள் மருந்துச் சீட்டோடு வந்து கைகொடுக்க, தையலம்மா எழுந்து டாக்டர் அறைக்குள் போனார். கதவு மூடிக்கொண்டது. ஐஸ் பெட்டிக்குள் குழாய் குளிர்ந்துகொண்டிருந்தது. அரை மணியில் பத்து நிமிஷம் போய்விட்டது. ஜோசியர் எழுந்து கீழ்த்தளத்துப் படியில் இறங்கினார், சுவரில் ஒரு கையை வைத்தபடி, ஒவ்வொரு படியாக.